தீப்பிடித்ததா, தீ வைத்தார்களா? "தீவைப்பு" என்ற சொல்லைச் சரியாக எழுதுவது எப்படி

ஒரு கிடங்கு எரிந்துபோகிறது. அதைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் எழுத வேண்டும். "கிடங்கில் தீப்பிடித்தது" என்று எழுதலாம். "கிடங்குக்குத் தீ வைத்தனர்" என்றும் எழுதலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. ஆனால் இரண்டாவது வாக்கியத்துக்குள் ஒரு மனிதர் வந்துவிட்டார். அவர் கையில் நெருப்பு இருக்கிறது, மனத்தில் நோக்கம் இருக்கிறது. எழுதியவருக்கு அது தெரிந்திருந்ததா, அல்லது கை போன போக்கில் எழுதிவிட்டாரா என்பதுதான் கேள்வி.

தீயைப் பற்றிப் பேசும்போது தமிழ் நமக்கு மிக நுட்பமான கருவிகளைத் தருகிறது. தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கு மட்டும் சொல்ல வினையிலும் வேற்றுமை உருபிலும் வழி இருக்கிறது. பள்ளியில் படித்த தன்வினை, பிறவினை, செயப்பாட்டுவினை எல்லாம் தேர்வோடு முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். ஒருவர் குற்றவாளியா இல்லையா என்று சொல்ல வேண்டிய இடத்தில்தான் அவற்றின் உண்மையான பயன் தெரிகிறது.

சொல்லுக்குள் என்ன இருக்கிறது

"தீவைப்பு" என்று எழுதும்போது மூன்று செய்திகளை ஒன்றாகச் சொல்கிறோம். ஒன்று, தீ எரிந்தது. இரண்டு, அதைத் தொடங்கியது ஒரு மனிதக் கை. மூன்று, கெடுதல் செய்யும் நோக்கத்தோடு அந்தக் கை அதைச் செய்தது. இவற்றில் முதலாவது கண்ணுக்குத் தெரியும். இரண்டாவதை ஆய்வு செய்துதான் கண்டுபிடிக்க வேண்டும். மூன்றாவது ஒருவரின் மனத்துக்குள் இருப்பது. அதை நிறுவுவது எல்லாவற்றையும்விடக் கடினம். மூன்றில் ஒன்று தெரியாவிட்டாலும் அந்தச் சொல்லை உறுதியாகப் பயன்படுத்தக் கூடாது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. "தீ வைத்தல்" என்ற வினை, "தீவைப்பு" என்ற பெயர்ச்சொல்லைவிட அகலமானது. குப்பைக் குவியலுக்குத் தீ வைக்கலாம், காய்ந்த சருகுக்குத் தீ வைக்கலாம். அதில் குற்றம் எதுவும் இல்லாமல் இருக்கலாம். "அவர் சருகுகளைக் கூட்டித் தீ வைத்தார்" என்ற வாக்கியத்தைப் படித்து யாரும் போலீசை நினைப்பதில்லை. அதையே "அவர் தீவைப்பில் ஈடுபட்டார்" என்று மாற்றிப் பாருங்கள், அவர் உடனே குற்றவாளி ஆகிவிடுகிறார். வினையில் வேண்டுமென்று செய்தது மட்டும் இருக்கிறது. பெயர்ச்சொல்லில், செய்தித்தாளும் நீதிமன்றமும் பழக்கிவைத்த பொருளில், கெடு நோக்கமும் சேர்ந்துவிடுகிறது. அதனால் வினையை எழுதும்போது எதற்குத் தீ வைத்தார், யாருடைய பொருளுக்கு வைத்தார் என்பதைச் சொன்னால்தான் படிப்பவருக்குத் தெளிவு கிடைக்கும். பெயர்ச்சொல்லை எழுதும்போது ஆதாரம் கையில் இருக்க வேண்டும்.

"வேண்டுமென்றே தீவைப்பில் ஈடுபட்டனர்" என்று எழுதுவதைப் பார்க்கிறோம். தீவைப்பு என்றாலே வேண்டுமென்று செய்ததுதான். "வேண்டுமென்றே" அங்கே வலுச் சேர்ப்பதில்லை. ஏதோ ஒரு தீவைப்பு தற்செயலாகவும் நடக்கக்கூடும் என்ற குழப்பத்தைத்தான் சேர்க்கிறது. அதே காரணத்தால் "எதிர்பாராத தீவைப்பு", "கவனக்குறைவால் நடந்த தீவைப்பு" இரண்டும் தவறு. அணைக்காத சிகரெட்டைத் தூக்கிப் போட்டதால் வீடு எரிந்தால் அது தீ விபத்து. "அவர் அலட்சியத்தால் தீப்பிடித்தது" என்று எழுதலாம். அவர் பொறுப்பாளிதான், ஆனால் தீ வைத்தவர் இல்லை. குழந்தை தீப்பெட்டியோடு விளையாடி வைக்கோல் போர் எரிந்தாலும் இதேதான்: "குழந்தையின் விளையாட்டில் தீப்பற்றியது."

எழுத்து வடிவத்தையும் சொல்லிவிடுகிறேன். பெயர்ச்சொல்லாக வரும்போது "தீவைப்பு" என்று சேர்த்து எழுதுவது நல்லது. வினையாக வரும்போது "தீ வைத்தான்" என்று பிரித்து எழுதலாம். "தீப்பிடித்தது", "தீப்பற்றியது", "தீக்கிரையானது" ஆகியவற்றில் வல்லினம் மிகும். "தீ விபத்து", "தீ வைத்தான்" இரண்டிலும் வகரம் வருவதால் மிகாது. "தீயிட்டான்" என்பதில் யகரம் உடம்படுமெய்யாக வருகிறது. "தீவைப்பு" அடுத்த சொல்லோடு சேரும்போது "தீவைப்புச் சம்பவம்", "தீவைப்புக் குற்றம்" என்று வல்லினம் மிகும். "தீவைப்பு வழக்கு" என்பதில் மிகாது.

எந்த உருபு, எந்த வினை

தொடக்கநிலையில் எழுதுபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் வேற்றுமை உருபு. "வீட்டைத் தீ வைத்தான்" என்று எழுதுகிறார்கள். வைக்கப்பட்ட பொருள் தீ. வீடு அந்தத் தீயைப் பெற்றுக்கொண்ட இடம். ஆகவே நான்காம் வேற்றுமைதான் வர வேண்டும்: "வீட்டுக்குத் தீ வைத்தான்." இரண்டாம் வேற்றுமை வேண்டுமென்றால் வினையை மாற்றுங்கள்: "வீட்டைக் கொளுத்தினான்", "வீட்டை எரித்தான்", "வீட்டைத் தீக்கிரையாக்கினான்."

"வீட்டில் தீ வைத்தான்" என்றால் பொருள் இன்னும் மாறும். வீட்டுக்குள் எங்கோ ஒரு பொருளுக்குத் தீ வைத்தான் என்று படிக்கலாம், அடுப்பு மூட்டினான் என்றுகூடப் படிக்கலாம். முழு வீடும் எரிய வேண்டும் என்பதுதான் அவன் நோக்கம் என்றால் "வீட்டுக்கு" என்பதே சரி. ஏழாம் வேற்றுமைக்கு இயல்பான துணை "தீப்பிடித்தது": "வீட்டில் தீப்பிடித்தது", "பேருந்தில் தீப்பற்றியது." ஆக, "-இல்" வந்தால் பெரும்பாலும் தானாகப் பற்றிய தீ, "-க்கு" வந்தால் யாரோ வைத்த தீ. உருபைச் சரியாகப் போட்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அடுத்தது வினை இணைகள். எரிந்தது – எரித்தான். பற்றியது – பற்றவைத்தான். கருகியது – கருக்கினான். தீக்கிரையானது – தீக்கிரையாக்கினான். தீப்பிடித்தது – தீ வைத்தான். இடப்பக்கம் இருப்பவை தன்வினைகள். தீயைத் தவிர யாரும் உள்ளே இல்லை. வலப்பக்கம் இருப்பவற்றில் ஒரு செய்பவர் கட்டாயம் உண்டு. ஒரு தீயைப் பற்றி எதுவும் தெரியாத நேரத்தில் இடப்பக்க வினைகளே நேர்மையானவை. "எரிந்தது" என்பது "யாரும் எரிக்கவில்லை" என்று சொல்வதில்லை; யார், ஏன் என்ற கேள்விக்குள் இன்னும் போகவில்லை, அவ்வளவுதான். "தீ விபத்து" அப்படி நடுநிலையானது இல்லை. விபத்து என்று சொல்லும்போதே யாரும் வைக்கவில்லை என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். ஆகவே காரணம் தெரியாதபோது "தீ விபத்து" என்பதும் அவசரம்தான். "தீ" என்று மட்டும் எழுதலாமே: "கிடங்கில் ஏற்பட்ட தீ அதிகாலையில் அணைக்கப்பட்டது." இதில் ஒரு குறையும் இல்லை.

"எரிந்தது" போதாத இடம்

தன்வினை எப்போதும் பாதுகாப்பானது என்று நினைத்துவிட வேண்டாம். தெரிந்ததை மறைக்கவும் அது உதவும்.

1981 மே 31 இரவு தொடங்கி ஜூன் 1 வரை யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஓலைச்சுவடிகளும் அழிந்தன. "1981-இல் யாழ் நூலகம் எரிந்தது" என்று ஒருவர் எழுதினால் இலக்கணப்படி அதில் பிழை இல்லை. உண்மையின்படி பிழை இருக்கிறது. அங்கே ஒரு செயல் நடந்தது, அந்தச் செயலைச் செய்தவர்கள் இருந்தார்கள் என்பது ஐயத்துக்கு இடமில்லாமல் தெரியும். அதைத் தெரிந்துகொண்டே "எரிந்தது" என்று எழுதுவது, ஏதோ மின்கம்பி உரசித் தீப்பிடித்ததைப்போல அந்த இரவை மாற்றிவிடுகிறது. "எரிக்கப்பட்டது" என்பதுதான் அதற்குரிய குறைந்தபட்ச வினை.

கீழ்வெண்மணியும் இப்படித்தான். 1968 டிசம்பர் 25 அன்று, கூலி உயர்வு கேட்டுப் போராடிய தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளுமாக, ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்திருந்தபோது அந்தக் குடிசைக்குத் தீ வைக்கப்பட்டது. "44 பேர் தீயில் கருகி உயிரிழந்தனர்" என்ற வாக்கியம் நாம் தினமும் படிக்கும் செய்தி நடையில் இருக்கிறது. கருகுதல் தன்வினை, உயிரிழத்தல் தன்வினை. கொலை எங்கே போனது? "44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர்" என்று எழுதும்போதுதான் நடந்தது என்னவென்று தெரிகிறது.

இந்த வழக்கில் எழுதுபவர் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. விசாரணை நீதிமன்றம் நிலவுடைமையாளர்கள் சிலருக்குப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. பின்னர் உயர் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. தீ வைக்கப்பட்டது என்பது உறுதி. இன்னார்தான் வைத்தார் என்பது நீதிமன்றத்தில் நிலைக்கவில்லை. இந்த நிலையைத் துல்லியமாகச் சொல்லத்தான் தமிழில் செயப்பாட்டுவினை இருக்கிறது. "தீ வைக்கப்பட்டது" என்பது செயலை உறுதி செய்கிறது, செய்தவரின் பெயரை மட்டும் சொல்லாமல் விடுகிறது. செயப்பாட்டுவினையைத் தமிழ் நடையில் குறைத்துக்கொள்ளுங்கள் என்று நடை ஆசிரியர்கள் சொல்வதுண்டு. பொதுவாக நல்ல அறிவுரைதான். இந்த இடத்தில் மட்டும் அதைக் கேட்காதீர்கள்.

சொல் முந்திக்கொண்டால்

மறுபக்கத் தவறும் இதே அளவுக்குக் கொடியது. 1666 செப்டம்பர் 2 அன்று லண்டனில் புடிங் லேன் தெருவில் தாமஸ் ஃபாரினர் என்பவரின் ரொட்டிக் கடையில் தீப்பிடித்தது. நான்கைந்து நாட்களில் 13,000-க்கும் மேற்பட்ட வீடுகளும் 87 தேவாலயங்களும் அழிந்தன. இவ்வளவு பெரிய அழிவு ஓர் அடுப்பிலிருந்து வந்திருக்கும் என்று நகரம் நம்பத் தயாராக இல்லை. வெளிநாட்டவரும் கத்தோலிக்கரும் தீ வைத்துவிட்டார்கள் என்ற பேச்சு பரவியது. பிரான்சின் ரூவான் நகரைச் சேர்ந்த ராபர்ட் ஹூபர்ட் என்ற இளைஞர், நான்தான் வைத்தேன் என்று தானே ஒப்புக்கொண்டார். அக்டோபரில் அவரைத் தூக்கிலிட்டார்கள். தீ தொடங்கி இரண்டு நாட்களுக்குப் பிறகுதான் அவர் லண்டன் மண்ணில் கால் வைத்தார் என்பது பிறகு தெரியவந்தது. தீயின் நினைவுத் தூணில் 1681-இல் கத்தோலிக்கர்மேல் பழி சுமத்தும் வாசகம் ஒன்றைச் சேர்த்தார்கள். அது இறுதியாக நீக்கப்பட்டது 1830-இல். தீ ஒரு வாரத்தில் அணைந்துவிட்டது. "வைத்தார்கள்" என்ற வினை ஒன்றரை நூற்றாண்டு கல்லில் நின்றது.

இது பழங்கதை, இப்போது அறிவியல் இருக்கிறது என்று தோன்றலாம். இருபதாம் நூற்றாண்டின் கடைசிவரைகூடத் தீயின் தடங்களைப் படிப்பதில் பல தவறான நம்பிக்கைகள் இருந்தன. கண்ணாடியில் சிலந்தி வலைபோல வெடிப்பு இருந்தால் பெட்ரோல் ஊற்றித் தீ வைத்திருக்கிறார்கள் என்று நம்பினார்கள். உண்மையில், சூடேறிய கண்ணாடியில் தீயணைப்பு வீரர்கள் பாய்ச்சும் தண்ணீர் பட்டாலே அப்படி வெடிக்கும். தரையில் குட்டை குட்டையாகக் கருகிய தடம் இருந்தால் அங்கே எண்ணெய் ஊற்றினார்கள் என்று நம்பினார்கள். ஓர் அறையில் வெப்பம் ஏறி ஏறி ஒரு கட்டத்தில் அறையிலுள்ள எல்லாப் பொருள்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பற்றிக்கொள்வது உண்டு. அதற்குப் பிறகு, ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமலே தரையில் அதே தடம் விழும். 1991-இல் அமெரிக்காவின் ஜாக்சன்வில் நகரில், தீவைப்பு வழக்கு ஒன்றுக்காக, எரிந்த வீட்டைப் போன்ற பக்கத்து வீட்டில் ஒரு சோபாவுக்கு மட்டும் தீ வைத்துச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, அறை முழுவதும் பற்றிக்கொண்டது. எண்ணெய் ஊற்றாமல் இவ்வளவு வேகம் வராது என்ற வாதம் அங்கேயே விழுந்தது. குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றார்கள்.

அதே 1991-இல் டெக்சாஸ் மாநிலத்தின் கோர்சிகானா ஊரில் ஒரு வீடு எரிந்து மூன்று குழந்தைகள் இறந்தார்கள். தந்தை கேமரன் டாட் வில்லிங்ஹாம்தான் தீ வைத்தார் என்று தரைத் தடங்களை வைத்தும் கண்ணாடி வெடிப்பை வைத்தும் வாதிட்டார்கள். 2004 பிப்ரவரியில் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அந்தத் தடங்களை வைத்துத் தீவைப்பு என்ற முடிவுக்கு வர அறிவியல் அடிப்படை இல்லை என்று தீ அறிவியல் வல்லுநர்கள் பின்னர் எழுதினார்கள்.

தீ ஆய்வாளர்கள் நெடுங்காலமாகத் தீயின் காரணத்தை நான்காகப் பிரித்து எழுதி வந்திருக்கிறார்கள்: தற்செயலானது, இயற்கையானது, வேண்டுமென்று வைத்தது, தீர்மானிக்க முடியாதது. நான்காவதை நான் மிகவும் மதிக்கிறேன். எரிந்த இடத்தைத் தோண்டிப் பார்த்த நிபுணரே "தெரியவில்லை" என்று கையெழுத்திடும்போது, தெருமுனையில் நின்று புகையைப் பார்த்தவர் "தீவைப்பு" என்று எழுதுவதற்கு என்ன உரிமை இருக்கிறது?

இங்கே நம் செய்தி நடையில் ஊறிப்போன இரண்டு தொடர்களைச் சொல்லியாக வேண்டும். ஒன்று, "மர்ம நபர்கள் தீ வைத்தனர்." நபர் யார் என்று தெரியாது என்பதைத்தான் "மர்ம" சொல்கிறது. நபர் இருந்தார் என்பதை அது உறுதியாகவே சொல்கிறது. தீயின் காரணமே தெரியாத இடத்தில் இந்தத் தொடரைப் போட்டால், இல்லாத ஒருவரை உருவாக்கிவிடுகிறோம். இன்னொன்று, "மின்கசிவு காரணமாகத் தீ விபத்து." ஆய்வு முடிவதற்கு முன்பே இது எழுதப்படுகிறது. பல நேரம் சொல்ல வந்தது கசிவுகூட இல்லை. இரண்டு கம்பிகள் நேராகத் தொட்டுக்கொள்ளும் ஷார்ட் சர்க்யூட்டைத்தான் சொல்ல வருகிறார்கள். தீவைப்பை மறைக்க நினைப்பவருக்கு இந்தத் தொடர் மிக வசதியானது. காரணம் தெரியவில்லை என்றால் "காரணம் இன்னும் தெரியவில்லை" என்றே எழுதுவோம்.

பெயரெச்சம் வைக்கும் கண்ணி

"கடைக்குத் தீ வைத்த இளைஞர் கைது." இந்தத் தலைப்பில் முற்றுவினை எதுவும் இல்லாததால், குற்றச்சாட்டு எங்கே இருக்கிறது என்று சட்டென்று கண்ணுக்குப் படாது. அது "வைத்த" என்ற பெயரெச்சத்துக்குள் இருக்கிறது. பெயரெச்சத்தில் சொல்லப்படுவது ஏற்கெனவே முடிந்துபோன, எல்லோரும் ஒப்புக்கொண்ட செய்திபோல வந்து உட்கார்ந்துகொள்ளும். கைதானவர் இன்னும் நீதிமன்றப் படி ஏறவில்லை. தலைப்பு தீர்ப்பைச் சொல்லிவிட்டது. "கடைக்குத் தீ வைத்ததாக இளைஞர் கைது" என்று எழுதினால் ஓர் "ஆக" மட்டும் கூடுகிறது, அந்த இளைஞருக்கு அது ஒரு வாழ்நாள் வேறுபாடு. "தீவைப்பு வழக்கில் இளைஞர் கைது" என்பதும் சரி. வழக்கு இருப்பது உண்மை, கைதானது உண்மை, அதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை.

"கூறப்படுகிறது" என்ற சொல்லை நம்பி மட்டும் இருக்காதீர்கள். "முன்விரோதம் காரணமாகத் தீ வைத்ததாகக் கூறப்படுகிறது." கூறுவது யார்? எதிர்த்தரப்பா, போலீசா, டீக்கடையில் நின்றவரா? "தீ வைத்ததாகப் போலீசார் கூறுகின்றனர்", "தீ வைத்ததாகக் கடை உரிமையாளர் புகார் அளித்துள்ளார்" என்று ஆளைச் சொல்லிவிட்டால், எவ்வளவு நம்பலாம் என்பதைப் படிப்பவரே முடிவு செய்துகொள்வார்.

சட்டம் என்ன சொல்கிறது

சட்டத்தின் எல்லையும் பேச்சுவழக்கின் எல்லையும் ஒன்றாக இருப்பதில்லை. இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டத்தில், கெடு எண்ணத்தோடு பிறருடைய குடியிருப்பை எரிப்பது மட்டும்தான் இந்தக் குற்றம். சொந்த வீட்டை எரித்தால் இதில் வராது. இன்று அங்கே 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நோக்கம் இல்லாவிட்டாலும், ஆபத்து தெரிந்தும் பொருட்படுத்தாமல் தீயால் சேதம் விளைவித்தால்கூட இதே குற்றம்தான்.

இந்தியாவில் பழைய தண்டனைச் சட்டத்தின் 435, 436 பிரிவுகள் தீயால் சொத்துக்குச் சேதம் விளைவிப்பதைப் பற்றியவை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அவை 326-ஆம் பிரிவுக்குள் வருகின்றன. வீடு, வழிபாட்டிடம், பொருள் சேமிக்கும் கட்டடம் போன்றவற்றை அழிக்கத் தீ வைத்தால் ஆயுள் தண்டனைவரை போகலாம். சேதம் வர வேண்டும் என்ற நோக்கம் இருந்தாலும் குற்றம், சேதம் வரக்கூடும் என்று தெரிந்தே செய்தாலும் குற்றம். பிறருக்கு இழப்பு வரும் வகையில் இருந்தால், எரிந்த பொருள் வைத்தவருக்கே சொந்தமானதாக இருந்தாலும் தப்ப முடியாது. ஆகவே காப்பீட்டுப் பணத்துக்காகத் தன் கிடங்குக்குத் தானே தீ வைத்தவரைப் பற்றி "தீவைப்பு" என்று தயங்காமல் எழுதலாம். அலட்சியமாக நெருப்பைக் கையாண்டு பிறர் உயிருக்கு ஆபத்து ஏற்படுத்துவதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது. அதைத் தீவைப்போடு சேர்க்கக் கூடாது.

பக்கத்தில் இருக்கும் சொற்கள்

தீ மூட்டுதல் என்பது பயனுக்காகச் செய்வது: அடுப்பு, குளிர்காயும் நெருப்பு, சிதை. "எரியூட்டுதல்" இன்றைய வழக்கில் பெரும்பாலும் இறுதிச் சடங்குக்கு உரியதாகிவிட்டது. "பேருந்தை எரியூட்டினர்" என்று சிலர் எழுதுகிறார்கள். கேட்டவுடன் மயானம்தான் நினைவுக்கு வருகிறது. "பேருந்துக்குத் தீ வைத்தனர்" என்பதே நல்லது. "கொளுத்துதல்" வலுவான பேச்சுச் சொல். பட்டாசும் கொளுத்தலாம், ஊரையும் கொளுத்தலாம். சூழலைப் பார்த்துப் பயன்படுத்த வேண்டும். "பற்றவைத்தல்" சிறு நெருப்புக்கு இயல்பானது. இருவருக்கிடையே சண்டை மூட்டிவிடுவதையும் அதே சொல்லால் சொல்கிறோம். ஆகையால் உண்மையான தீயைப் பற்றிய செய்தியில் "கலவரத் தீயைப் பற்றவைத்தனர்" போன்ற உருவக நடை வேண்டாம். எது எரிந்தது என்று படிப்பவர் குழம்பிப்போவார்.

"தீக்குளித்தல்" முற்றிலும் வேறு. ஒருவர் தன் உடலுக்குத் தானே தீ வைத்துக்கொண்டார் என்று அது உறுதியாகச் சொல்கிறது. வீட்டுக்குள் ஒரு பெண் தீக்காயங்களோடு கிடந்தார் என்பது மட்டும் தெரிந்திருக்கும்போது "தீக்குளித்தார்" என்று எழுதுவது, அவரை வேறொருவர் எரித்திருக்கக்கூடிய வாய்ப்பை மூடிவிடுகிறது. "அடுப்பு வெடித்ததில்" என்று எழுதுவதும் அதே வேலையைச் செய்யும். "தீக்காயங்களுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்" என்பதோடு நிறுத்துங்கள். அவர் பேசட்டும், மருத்துவர் பேசட்டும்.

எதிரி நாட்டுக்குத் தீ வைப்பதற்குத் தமிழில் மிகப் பழைய கலைச்சொல்லே உண்டு. தொல்காப்பியம், படையெடுப்பைப் பாடும் வஞ்சித் திணையின் துறைகளுள் ஒன்றாக "எரிபரந்து எடுத்தல்" என்பதைச் சொல்கிறது. படையெடுத்துப் போகும்போது பகைவர் நிலத்தில் எரி பரவச் செய்வது அது. "பரந்து", "எடுத்தல்" என்று வினைகள் தீயின் வேகத்தைச் சொல்ல, அதைச் செய்தது படை என்பதைத் திணையே சொல்லிவிடுகிறது. சிலப்பதிகாரத்தில் மதுரையை எரித்தது யார் என்று கேட்டால் கண்ணகி என்றுதான் சொல்வோம். நெருப்பைக் கொண்டுசென்றது தீக்கடவுள். ஆனால் யாரை விட வேண்டும், யாரிடம் போக வேண்டும் என்று ஏவியவள் கண்ணகி: பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி ஆகியோரை விட்டுவிட்டுத் தீயவர் பக்கமே சேர்க என்று. ஏவியவரே வினைமுதல் என்ற இந்தப் பார்வை இன்றும் பயன்படும். கூலிக்கு ஆள் அனுப்பித் தீ வைக்கச் சொன்னவரைப் பற்றி "ஆள் வைத்துக் கொளுத்தினார்" என்று எழுதுகிறோம் அல்லவா?

ஒரே தீ, பல வாக்கியங்கள்

கடைசியாக ஒரு கற்பனை நிகழ்வை எடுத்துக்கொள்வோம். ஒரு பஞ்சுக் கிடங்கு இரவில் எரிகிறது. நாள் செல்லச் செல்லத் தெரிய வருபவை கூடுகின்றன. அதற்கேற்ப வாக்கியமும் மாற வேண்டும்.

முதல் இரவில் தெரிந்தது தீ மட்டும். "பஞ்சுக் கிடங்கில் நேற்றிரவு தீப்பிடித்தது. காரணம் தெரியவில்லை." மறுநாள், கிடங்கின் இரண்டு மூலைகளில் தனித்தனியாகத் தீ தொடங்கியதற்கான அறிகுறிகள் இருப்பதாகத் தீயணைப்புத் துறை சொல்கிறது. "தீ வைக்கப்பட்டிருக்கலாம் என்று தீயணைப்புத் துறை சந்தேகிக்கிறது." ஐயம் யாருடையது என்று சொல்லியாகிவிட்டது, "இருக்கலாம்" என்பதும் இருக்கிறது. ஒரு வாரம் கழித்து ஆய்வக அறிக்கையில் பெட்ரோல் கலந்திருந்தது உறுதியாகிறது, பஞ்சுக் கிடங்கில் பெட்ரோலுக்கு வேறு வேலையும் இல்லை. "பஞ்சுக் கிடங்குக்குத் தீ வைக்கப்பட்டது உறுதியானது." இங்கே செயப்பாட்டுவினை முழு உரிமையோடு வருகிறது, உருபும் "-இல்" என்பதிலிருந்து "-க்கு" என்று மாறிவிட்டது. அடுத்து ஒருவரைப் பிடிக்கிறார்கள். "தீவைப்பு வழக்கில் முன்னாள் ஊழியர் கைது. வேலையிலிருந்து நீக்கிய ஆத்திரத்தில் அவர் தீ வைத்ததாகப் போலீசார் கூறுகின்றனர்." தீர்ப்பு வந்து குற்றம் நிறுவப்பட்டால் "தீ வைத்த முன்னாள் ஊழியருக்குச் சிறை" என்று அந்தப் பெயரெச்சத்தை முதன்முறையாக எழுதலாம்.

அவர் விடுதலையானால் "தீவைப்பு வழக்கில் முன்னாள் ஊழியர் விடுதலை" என்று எழுத வேண்டும். கைதுச் செய்தி எந்தப் பக்கத்தில், எந்த அளவில் வந்ததோ, அதே இடத்தில், அதே அளவில்.